இந்த மாதம் இரண்டு பங்கு வந்தது

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், உன் நலம் சரியாகத் தெரியாததால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனிலேயே கேட்கலாமே என்பாய், உன் அம்மா ஒட்டி உட்கார்ந்துகொண்டு போனைப் பிடுங்குகிறாள், அவள் முன்னால் இதைக் கேட்க முடியாது. அதனால்தான் லீவு முடிந்து வெளிநாடு திரும்புகிற உன் ரூம்காரத் தச்சரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு மாதமாக இங்கே இருந்ததால் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இந்த மாதம் பணம் வழக்கத்தைப் போல இரண்டு பங்கு வந்திருக்கிறது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, மகன் மேஸ்திரி ஆகிவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் எதிர்வீட்டைத்தான் பார்த்தேன். எதிர்வீட்டு வெல்டருக்கும் இப்படித்தான் ஒரு மாதம் கூடுதலாக வந்தது, வீட்டில் சந்தோஷமாக டைல்ஸ் ஒட்டினார்கள், அது அவர் விரல்கள் போனதற்குக் கம்பெனி கொடுத்த காசு என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது அந்தப் பளபளப்பான தரையில் உட்கார வைத்து மனைவி ஊட்டிவிடுகிறாள். நீயும் மூன்று வாரமாக முகம் காட்டாமல் குரல் மட்டும் அனுப்புகிறாய், கேட்டால் “கேமரா ரிப்பேர்ப்பா” என்கிறாய். முப்பது வருஷம் சாரத்தில் நின்றவன்டா நான், என்னிடமேவா?

நீ போன பிறகு இந்த வீடு நிமிர்ந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த முழங்காலோடு சாரம் ஏறுவதை விட்டேன், தங்கை நர்சிங் படிக்கிறாள், முன்பு முகத்தைத் திருப்பிக்கொண்ட மளிகைக்கடைக்காரர் இப்போது ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்கிறார். அதில் உட்காரவே பயமாக இருக்கிறது. தகரக் கூரையைப் பிரித்துக் காங்கிரீட் போட வந்தவர்களை நான்தான் திருப்பி அனுப்பினேன். “பிள்ளை காசு, எடுக்க உங்களுக்கு ஏன் கை நடுங்குது, கஞ்சன்” என்று அம்மா மூன்று நாளாகத் திட்டுகிறாள். திட்டட்டும், காரணத்தைச் சொன்னால் அவள் தாங்க மாட்டாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தண்ணீர் குடி, பெல்ட் மாட்டாமல் ஏறாதே. இந்தத் தாளின் பின்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதில் உன் கையால் ஒரே ஒரு வரி எழுதி, தச்சர் போனில் படம் எடுத்து அனுப்பு, அவர் கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. எழுத முடியவில்லை என்றால் வெறும் தாளையே படம் எடுத்து அனுப்பு, புரிந்துகொள்வேன், அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பணத்தை நான் தொடவில்லை, உன் டிக்கெட்டுக்கு ஆகும். தகரத்துக்குக் கீழே நாலு பேர் படுக்க இடம் இருக்கிறது.

நீ முழுசாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி.

உன் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
அப்பா