மட்டன் இல்லாத பிரியாணி

மார்ச் 3, திங்கள்

சிங்கப்பூர் டன்லப் தெருவில் கடை திறந்து ஐந்து மாதம். மதியம் பதினோரு தட்டுதான் போனது. ருசி பார்க்க இலவசமாகக் கொடுத்த அன்று எத்தனை பாராட்டு! "சோயால மட்டனா? பூமிக்கு நல்லது லா." அப்படிச் சொன்னவர்கள் இன்று பக்கத்துக் கடையில் ஆட்டுக்கறி பிரியாணிக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

சந்திரமதி அக்கா மட்டும் வெள்ளி தவறாமல் செம்பவாங்கிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வருகிறார். கணவர் இறந்ததும் கறியை விட்டவர். "அனிதா, உன் கடை இருக்கறதாலதான் எனக்குப் பிரியாணியே இருக்கு" என்றார்.

மார்ச் 12, புதன்

ஒருவர் பாதித் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனார். "ரப்பர் மாதிரி இருக்கு." என் பேச்சைக் கேட்டுத்தானே என் கணவர் அருண்ராஜ் நல்ல வேலையை விட்டார்? அவருக்கு என்ன பதில் சொல்வேன்?

மார்ச் 15, சனி

செய்துவிட்டேன். ஆட்டெலும்பை வேகவைத்து, அந்தச் சாற்றில் அரிசியைப் போட்டேன். அருண்ராஜ் வருவதற்குள் எலும்பைக் கட்டி எறிந்துவிட்டேன். ஒரு நாள் மட்டும்.

மார்ச் 19, புதன்

ஐந்தாவது நாள். உட்கார இடமில்லை. "இப்பதான் லா மட்டன் மாதிரியே இருக்கு!" அருண்ராஜ் சிரிக்கிறார். சிரித்து எத்தனை நாளாயிற்று.

மார்ச் 20, வியாழன்

வெள்ளிக்கிழமை மட்டும் சாறு சேர்க்கக் கூடாது என்றிருந்தேன். அக்கா இன்றே வந்துவிட்டார். தடுத்திருக்கலாம். கடை நிறையக் கூட்டம்... பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னொரு தட்டு கேட்டார். போட்டேன். நான்தான் போட்டேன்.

மார்ச் 22, சனி

அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி. நாளை கோயில் தோழிகள் பன்னிரண்டு பேரை அழைத்து வருகிறாராம். அத்தனை பேரும் சைவம். ஐயோ, நான் என்ன பண்ணுவேன்?

மார்ச் 23, ஞாயிறு

கடையைத் திறக்கவில்லை. காலையிலேயே செம்பவாங் போய், வாசலில் நின்று சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ரெண்டாவது தட்டு கேட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வந்து அருண்ராஜிடம் சொன்னேன். சாப்பிட்ட எல்லாருக்கும் தெரியட்டும் என்று நடந்ததை எழுதிக் கடைக் கதவில் ஒட்டினேன். அவர் படித்தார். காற்றில் ஆடிய மூலையை டேப் போட்டு ஒட்டினார்.

ஜூன் 9, திங்கள்

கடையை விட்டு இரண்டு மாதம். பிடோக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்குகிறேன். இன்று ஒரு பெண் வந்து, "இந்தச் சாம்பார்ல கறி எதுவும் கலக்கலையே?" என்று கேட்டாள். "சுத்த சைவம்" என்றார் முதலாளி. கத்தியை வைத்துவிட்டு அவளிடம் போனேன்.

"கோழிச் சாறு ஊத்தியிருக்கு. நீங்க சாப்பிடாதீங்க."

முதலாளி முறைத்தார். அந்தப் பெண் தயிர்சாதம் வாங்கிக்கொண்டு போனாள்.