மாறாத கூலி

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை. குடோன் ஜன்னலைச் சாத்தச் சொல்ல வேண்டும், ஏலக்காய் ஈரம் இழுத்துவிடும்.

முதலாளி கூப்பிட்டார். நம் காயை வாங்கும் சவுதிக்காரர்கள் டாலரில் தருகிறார்கள். அதனால் காய் தரம் பிரிக்கும் பதினெட்டுப் பேரின் நாள் கூலியையும் டாலரோடு சேர்த்துவிடலாமா என்கிறார். டாலர் ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். பிடிக்காவிட்டால் இப்போதே கொஞ்சம் கூட்டி, மாறாத கூலியாக வைத்துவிடுவாராம். பெண்களிடம் கேட்டுச் சொல்வது சூப்பர்வைசரான என் சோலி.

நான் படிக்கும் தபால் வழி எம்.ஏ. பொருளாதாரத்தில் இதே பாடம்தான். நாணய மாற்று விகிதம்: கட்டி வைப்பதா, மிதக்க விடுவதா. சவுதியில் டாலரோடு கட்டி வைத்திருக்கிறார்கள். நம் ரூபாய் மிதக்கிறது. கட்டி வைத்தால் நிச்சயத்தன்மை உண்டு என்பது வரை படித்தேன். தூங்கிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

பேச்சியக்காதான் எல்லாருக்கும் மூத்தவர். “நீ படிக்கிற புள்ள. எது நல்லதுன்னு நீயே சொல்லு தாயி” என்றார். மாறாத கூலி என்றேன். டாலர் ஏறினால் சமையல் எண்ணெயும் ஏறுமே என்று ஒருத்தி கேட்டாள். மழுப்பினேன். எல்லாரும் சரி என்றார்கள்.

வாங்க: அம்மாவுக்குக் காது மருந்து, சர்க்கரை, ரீசார்ஜ்.

ஜூலை 23, புதன்

பத்து நாளாக ரூபாய் ஏறுமுகம். டீக்கடை டிவியில் நல்ல செய்தி என்கிறார்கள். எங்கள் குடோனுக்கு இல்லை. அதே டாலருக்குக் கம்மி ரூபாய். விலையைக் கூட்டினால் சவுதிக்காரர் விலை குறைந்த குவாத்தமாலா காய்க்குப் போய்விடுவார். லோடு குறைகிறது.

முதலாளி குரல் உயர்த்தவே இல்லை. “வாக்குக் குடுத்துட்டேன், கூலியில கைவைக்க மாட்டேன். ஆளத்தான் கொறைக்கணும். புதுக்காய் வர்ற வரைக்கும் ஆறு பேரு நிக்கட்டும். பேரெழுதிக் கொண்டா.”

பஸ்சில் மிச்சப் பாடம். விகிதமோ கூலியோ, ஒன்றைக் கட்டிப்போட்டால் அடி வேலைவாய்ப்பின் மேல் விழும். அன்று விட்ட இடத்துக்கு அடுத்த பக்கத்திலேயே இருந்தது.

ஜூலை 24, வியாழன்

வெயில். தலைவலி. ஆறு பேர். யாரை?

புருஷன் இல்லாதவர்களை விடு. காலேஜில் பிள்ளை படிக்கிறவர்களை விடு. கடன் இருக்கிறவர்கள் என்று பார்த்தால் ஒருத்தர் மிஞ்சவில்லை. மூன்று தாள் கிழித்தேன்.

சாயங்காலம் பெண்களிடம் ஆறு பேர் நிற்க வேண்டியதைச் சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரூபாய் ஏறியும் எண்ணெய் விலை மட்டும் இறங்கக் காணோம்.

ஜூலை 26, சனி

வேலை தொடங்குமுன் பேச்சியக்கா வந்தார். “யாரையும் நிப்பாட்ட வேணாம். மொற வச்சுக்கிறோம். வாரத்துக்கு ஆளுக்கு நாலு நாளு.”

பன்னிரண்டு பேர் ஆறு நாள் பார்ப்பதைப் பதினெட்டுப் பேர் நாலு நாள் பார்ப்பது. முதலாளிக்குச் செலவு ஒன்றுதான், தலையாட்டினார். இது என் புத்தகத்தில் எங்கும் இல்லை. எல்லார் வீட்டிலும் இரண்டு நாள் கூலி போகிறது, என் வாயால்.

அட்டையில் முறை எழுதிக் கதவில் ஒட்டினேன். பேச்சியக்கா எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு பேராக வாசித்து முடித்தார்.

“ஒம் பேரு எங்க தாயி?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு மாதச் சம்பளம். பேனா கையில்தான் இருந்தது. எழுதவில்லை.