கறிவேப்பிலைக்குத் தனியாக வேலை தெரியாது

கோபன்ஹேகன்

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். இங்கே குளிர் மைனஸ் நான்கு, அதுவும் நலம். போத்தனூரில் அம்மாவும் உங்கள் கால் புண்ணும் எப்படி?

நீங்கள் அனுப்பிய காய்ந்த கறிவேப்பிலையில் சாறு எடுத்து, மருந்துக்கு அடங்காத கிருமியிடம் சோதித்தேன். மருந்தை மட்டும் ஊற்றியபோது அது சாகவில்லை. சாற்றை மட்டும் ஊற்றியபோது இன்னும் நன்றாக வளர்ந்தது. இரண்டையும் சேர்த்து ஊற்றியதும் செத்தது. பேராசிரியர் கை தட்டினார். அந்தச் சந்தோஷத்தில் உங்களிடம் பாதியைத்தான் சொன்னேன் போலிருக்கிறது.

நேற்று போனில், "நீதான கண்ணு சொன்னே, எலையே கிருமியக் கொல்லுதுன்னு? புண்ணுக்குக் குடுத்த மாத்திரைய நிறுத்திப்போட்டேன், மூணு நாளாத் தொவையல்தான். டாக்டர விட எம்புள்ள படிச்சவ" என்றீர்கள். நான் மறுத்தால் சிரிக்கிறீர்கள். அதனால் எழுதி அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன்.

அத்தா, இலை மருந்துக்கு வெறும் எடுபிடி. அதுவும் ஆய்வகத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில். கிண்ணத்துக்கு இழப்பதற்குக் கால் கிடையாது. இன்றைக்கே டாக்டரிடம் போய், மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். துவையலுக்குத் தடையில்லை.

ஆய்வகத்தில் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். தினமும் மாத்திரை போட்டதும் அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள். காலையில் எனக்கு வேறு யாரும் எதுவும் அனுப்புவதில்லை.

ரம்ஷா