ஒரே வண்டியில் எல்லை கடந்தவர்கள்

அனுப்புநர்:
கெசையா டன்லப்,
காலஞ்சென்ற ஆம்ப்ரோஸ் டன்லப்பின் மனைவி,
பெக்கான் ஓடை, குவாடலூப் ஆற்றின் கீழைக்கரை,
டெக்சாஸ் குடியரசு.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
மாவட்ட நில உரிமைக் குழு,
நீதிமன்றக் கட்டடம்.

பொருள்: என் அண்டை நிலத்துக்காரர் அன்செல்மோ ஓல்கின், போர்க்காலத்தில் நாட்டைவிட்டு ஓடியவர் என்று கூறி அவர் நிலத்தைப் பறிக்கக் கோரும் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டுதல்; அதற்குச் சான்றாக வைக்கப்பட்டுள்ள நன்றி அறிவிப்பை எழுதியவள் நானே எனத் தெரிவித்தல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குறையைச் சொல்லும் முன் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். சென்ற பிப்ரவரியில் என் கணவரின் நிலத்தைத் தங்கள் குழு என் பெயருக்கும் என் இரு பிள்ளைகள் பெயருக்கும் உறுதிசெய்து தந்தது. அன்று கொட்டுகிற மழை. தங்கள் எழுத்தர் எழுந்து தம் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இந்த மரியாதை எல்லா ஊரிலும் கிடைத்துவிடாது என்பது எனக்குத் தெரியும். நான் நன்றி மறக்கிறவள் அல்ல. சொல்லப்போனால், நன்றியை ஊரறியச் சொல்லும் என் பழக்கம்தான் இப்போது ஒரு நல்ல மனிதரின் நிலத்துக்கு உலை வைத்திருக்கிறது.

2. தாங்கள் போர் முடிந்த பிறகு இம்மாவட்டத்துக்கு வந்தவர் என்பதால், பழைய சங்கதியைச் சுருக்கமாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நாங்கள் 1830 தொடக்கத்தில் டென்னசியிலிருந்து வந்தோம். அங்கே எங்களுக்கு இருந்தது கல்லும் முள்ளுமாக முப்பது ஏக்கர். இங்கே மெக்சிகோ அரசு ஒரு லீக் நிலம் தந்தது. நாலாயிரத்துச் சொச்சம் ஏக்கர். பல ஆண்டுகளுக்கு வரியும் இல்லை. அந்நாட்டுக் குடிமக்களாக வேண்டும், அவர்கள் திருச்சபையில் சேர வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். அந்த அரசோடு பின்னால் நாங்கள் போர் தொடுத்தோம். அதில் என் கணவரையும் இழந்தேன். ஆனாலும் வாங்கியதை வாங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

3. நிலம் கைக்கு வந்த அன்று அரசு ஆணையர் என் கணவரின் கையைப் பிடித்து எல்லை நெடுகிலும் நடத்தினார். புல்லைப் பிடுங்க வேண்டும், கல்லை எறிய வேண்டும், முளை அடிக்க வேண்டும். அப்போதுதான் நிலம் சொந்தமாகும். அண்டை நிலத்துக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும். எங்களுக்கு மேற்கே அன்செல்மோ ஓல்கினின் நிலம். அவர் அப்பா காலத்திலிருந்து அங்கே மாடு மேய்க்கிறார்கள். என் கணவர் ஆர்வக்கோளாறில் ஓங்கி எறிந்த கல் எல்லையைத் தாண்டி அன்செல்மோவின் புல்வெளியில் போய் விழுந்தது. ஆணையர் முகம் சுளித்தார். அன்செல்மோ நிதானமாகப் போய் அந்தக் கல்லை எடுத்துவந்து என் கணவர் கையிலேயே கொடுத்து, "மெதுவா எறிங்கய்யா. வந்த அன்னைக்கே என் நிலத்துலயும் பங்கு கேட்டா எப்படி?" என்றார். எங்கள் உறவு அப்படித்தான் தொடங்கியது.

4. அடுத்த ஆண்டு பாதிரியார் இந்தப் பக்கம் வந்தபோது எங்கள் மகள் ஹெஸ்டருக்கு ஞானஸ்நானம் செய்வித்தோம். ஞானத்தந்தையாக நின்றவர் அன்செல்மோ. பெற்ற தகப்பனும் ஞானத்தந்தையும் ஒருவரையொருவர் ‘கொம்பாத்ரே’ என்று அழைப்பது இந்நாட்டவர் வழக்கம். தாயை ‘கொமாத்ரே’ என்பார்கள். அது வெறும் மரியாதைச் சொல் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கூடப்பிறந்தவருக்குச் செய்ய வேண்டியதைவிட ஒரு படி கூடவே செய்ய வேண்டிய உறவு அது என்பது எங்களுக்குப் போகப்போகத்தான் புரிந்தது. எங்கள் முதல் சோள விதையும், முதல் கறவை மாடும் அவர் வீட்டிலிருந்து வந்தவை.

5. சண்டை எப்படி வந்தது என்று கேட்டால், ஒரே நாளில் வரவில்லை. நாங்கள் வந்த சில மாதங்களிலேயே, இனி அமெரிக்காவிலிருந்து யாரும் குடியேறக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். பின்னால் வந்துகொண்டிருந்த என் தங்கை குடும்பம் லூசியானாவோடு நின்றுவிட்டது. துறைமுகங்களில் சுங்கச்சாவடி வைத்தார்கள். காவலுக்குச் சிப்பாய்கள் வந்தார்கள். அடிமைகள் கூடாது என்றார்கள். நம்மவர்களில் வசதியானவர்கள், தங்கள் அடிமைகளைத் தொண்ணூற்றொன்பது ஆண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கச்செய்து, இவர்கள் கூலியாட்கள் என்று கூசாமல் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அடிமைகள் இல்லை. என்றாலும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சுதந்திரம் என்று பிறகு நாம் போட்ட கூச்சலில் இதுவும் கலந்திருந்தது. எங்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்று மனு கொண்டுபோனவரைத் தலைநகரில் சிறையில் போட்டார்கள். மனு எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. கடைசியில் புதிய அதிபர், நாங்கள் எந்த அரசியல் சட்டத்தை நம்பி வந்தோமோ அதையே தூக்கி எறிந்தார். அதில் அன்செல்மோவுக்கு எங்களைவிடக் கோபம் அதிகம்; அது அவர் நாட்டுச் சட்டம்.

6. கொமாஞ்சே பழங்குடியினர் தாக்கினால் பயன்படட்டும் என்று அரசு முன்பு எங்களிடம் ஒரு சின்னப் பீரங்கியைக் கொடுத்து வைத்திருந்தது. 1835 செப்டம்பரில் அதைத் திருப்பிக் கேட்டார்கள். எங்கள் வீட்டு மேசையில் இதைப் பற்றி நடந்த பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அந்தப் பீரங்கி சத்தத்துக்குக் காக்காகூடப் பறக்காது கொம்பாத்ரே. குடுத்துத் தொலைச்சிட்டு வேலையப் பாரு," என்றார் அன்செல்மோ. "பீரங்கிக்காக இல்ல. இன்னைக்கு அதக் கேப்பான், நாளைக்கு என் துப்பாக்கியக் கேப்பான், அப்புறம் நிலத்தக் கேப்பான்," என்றார் என் கணவர். "அப்ப சண்டைதான்கிற." "சண்டைதான்." இருவரும் அவரைக்காய்ச் சாற்றில் சோள ரொட்டியைத் தொட்டுத் தின்று முடித்தார்கள். அக்டோபரில் அதை வாங்கிப்போக வந்த சிப்பாய்களை நம்மவர்கள் அந்தப் பீரங்கியாலேயே சுட்டார்கள். அன்றிலிருந்து இது போர்.

7. 1836 மார்ச்சில், நம்மவர்கள் காத்துநின்ற கோட்டை எதிரியிடம் விழுந்த செய்தி வந்தது. மெக்சிகோ படை வருகிறது, எல்லாக் குடும்பங்களும் கிழக்கே போக வேண்டும் என்று நம் படைத் தளபதியின் உத்தரவும் வந்தது. அன்செல்மோ அன்று குதிரைக்குச் சேணம் போட்டுக்கொண்டிருந்தார். தம் இனத்தார் சேர்ந்திருந்த, நம் பக்கம் போரிட்ட குதிரைப்படைப் பிரிவில் சேரப் புறப்பட்டவர் அவர். இதை நான் கண்ணால் கண்டேன். அவரைத் தடுத்தவர் என் கணவர். "சண்டைக்கு ஆள் கிடைக்கும் கொம்பாத்ரே. என் பிள்ளைங்கள நம்பிக் குடுக்க எனக்கு வேற ஆள் இல்ல. அமெரிக்க மண்ணுல சேத்துட்டு, நான் வர்ற வரைக்கும் கூட இரு," என்றார். அன்செல்மோ சேணத்தைக் கழற்றினார். தம் மாட்டு வண்டியைப் பூட்டினார். அவர் மனைவி பிரிகிதா, தம் வயதான தகப்பனாரோடு ஆற்றோரக் காட்டுக்குள் ஒளிந்திருக்கச் சம்மதித்து, வண்டியில் இருந்த இடத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அந்த அம்மாளுக்கு நான் எந்த ஜென்மத்தில் கைம்மாறு செய்வேனோ தெரியாது.

8. ஒரு மாதம் மழையில் போனோம். எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று, பின்னால் ஊரை நம் படையே கொளுத்திவிட்டது. அன்செல்மோவின் வீடும் அதில் போயிற்று. வழியில் என் மகன் ஜூபலுக்கு, அப்போது இரண்டு வயது, அம்மை கண்டது. டிரினிடி ஆற்று வெள்ளத்தில் மாடுகள் நீந்த, அன்செல்மோ ஜூபலைத் தம் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்தார். ஒரு மாட்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. இருந்த சோளமாவில் எங்கள் மூவருக்கும் கஞ்சி வைத்துவிட்டு, தமக்குப் பசியில்லை என்பார். பொய்தான். இன்று ஜூபல் என் சமையற்கட்டில் ஓடிக் கையில் அகப்பட்டதையெல்லாம் உடைக்கிறான் என்றால், அதற்கு ஆண்டவருக்கு அடுத்தபடியாக நான் நன்றி சொல்ல வேண்டியது அவருக்கு.

9. ஏப்ரல் 17 அன்று எல்லையான சபைன் ஆற்றுக்கு வந்தோம். இனி எழுதப்போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கரையில் அன்செல்மோ வண்டியை நிறுத்திவிட்டார். "அந்தப் பக்கம் என் நாடு இல்ல கொமாத்ரே. ஓடம் இருக்கு, ஜனம் இருக்கு. நீங்க போங்க. நான் திரும்பிப் போய்ப் படையில சேந்துக்கிறேன்," என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க திரும்பினா நாங்க மூணு பேரும் இந்தச் சேத்துலயே உக்காந்துருவோம். பிள்ளை செத்தா உங்க பேரச் சொல்லித்தான் அழுவேன்," என்றேன். ஒரு தாய் சொல்லக்கூடாத சொல். அவர் வண்டியை ஓடத்தில் ஏற்றினார். அவரை எல்லை கடத்தியது பயமல்ல. நான்.

10. மே மாதம் செய்தி வந்தது. போரில் நாம் வென்றிருந்தோம். என் கணவர் ஏப்ரல் 26 அன்று முகாமில் காய்ச்சலில் இறந்திருந்தார். அன்செல்மோ எங்களைத் திருப்பி அழைத்துவந்து, தம் நிலத்தை உழும் முன் என் நிலத்தை உழுதார். அந்த நன்றியை நான் எங்கே கொண்டு வைப்பேன்? எங்கள் டென்னசியில், பெரிய உதவி செய்தவருக்குச் செய்தித்தாளில் நன்றி அறிவிப்புப் போடுவது வழக்கம். நானும் போட்டேன். அது இப்படி இருந்தது: ‘திரு. அன்செல்மோ ஓல்கின் தம் சொந்த விருப்பத்தின் பேரில் தம் உடைமைகளை விட்டு, என்னையும் என் பிள்ளைகளையும் அமெரிக்க மண்ணுக்குக் கொண்டுசேர்த்து, போர் முடியும்வரை எங்களோடு அங்கேயே தங்கியிருந்தார். ஆண்டவர் அவரை ஆசீர்வதிப்பாராக.’ நான் சட்டையைப் பிடித்து அழுததை ஊருக்குச் சொல்ல வெட்கப்பட்டு, ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று எழுதினேன். அவருக்கு அது பெருமையாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

11. சென்ற இலையுதிர் காலத்தில் மிசிசிப்பியிலிருந்து வந்த திரு. ஆர்வில் ஸ்க்ரக்ஸ் அந்த அறிவிப்பைக் கத்தரித்துத் தங்கள் குழுவின் முன் வைத்திருக்கிறார். போரில் பங்கேற்காமல் தப்பிக்க நாட்டைவிட்டுப் போனவர்கள் நிலத்தை இழப்பார்கள் என்பது சட்டம். இதோ, ஓல்கின் போனதற்கு அவருக்கு வேண்டியவளே தந்த வாக்குமூலம் என்கிறார். அந்த நிலம் தமக்கு வேண்டும் என்கிறார். திரு. ஸ்க்ரக்ஸ் ஒருமுறை வழிதவறிய என் பசுவைக் கொண்டுவந்து விட்டவர், அதற்கும் நன்றி. ஆனால் அந்தப் பசு யார் வீட்டுக் கறவை மாட்டின் கன்று என்று அவர் விசாரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்செல்மோ தங்கள் முன் வந்து நின்றபோது, அவர் மொழியை எடுத்துச்சொல்ல அங்கே ஆள் இல்லை என்று அறிகிறேன். நான் அவர் வீட்டுக்குப் போய் அழுதேன். அவர் சிரித்தார். "விடுங்க கொமாத்ரே. என்னத் திட்டி எழுதினவன்லாம் ஒண்ணும் கிழிக்கல. நீங்க புகழ்ந்தீங்க, நிலம் போகுது. அடுத்த தடவ கொஞ்சம் திட்டி எழுதுங்க," என்றார். பிரிகிதா சிரிக்கவில்லை.

12. ஆகவே நான் பணிவுடன் வேண்டுவது: அந்த அறிவிப்பிலுள்ள ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்பது உண்மையல்ல. சத்தியம் செய்து இதைச் சொல்ல எந்த நாளும் வரத் தயாராக இருக்கிறேன். வரும் ஜூலை முதல் திங்கட்கிழமை தங்கள் குழு முடிவெடுக்கும்போது, திரு. ஸ்க்ரக்ஸின் விண்ணப்பத்தைத் தள்ளி, அன்செல்மோ ஓல்கினின் நிலத்தை அவருக்கே உறுதிசெய்ய வேண்டுகிறேன்.

13. அது முடியாது, போனது போனதுதான் என்று குழு கருதினால், சட்டத்தை ஒரே மாதிரி நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அதே வண்டியில், அதே நாளில், அதே ஆற்றை நானும் கடந்தேன். போர் முடியும்வரை நானும் அங்கேயே இருந்தேன். திரும்பிப் போகிறேன் என்று அவராவது ஒரு வார்த்தை சொன்னார். நான் அதுகூடச் சொல்லவில்லை. பெண்தானே, போர் உனக்கு ஏது என்று தாங்கள் பெருந்தன்மையோடு கூறலாம். போரில் இல்லாத என்னைச் சுமந்துபோனவர் எப்படிப் போரிலிருந்து ஓடியவர் ஆவார்? விதவைக்கு விலக்கு உண்டு என்றும் கூறலாம். ஏப்ரல் 17 அன்று நான் விதவை அல்ல. என் கணவர் அதற்குப் பிறகு ஒன்பது நாட்கள் உயிரோடு இருந்தார். அன்று நான் எல்லை கடந்தது முழுக்க முழுக்க என் சொந்த விருப்பத்தின் பேரில். இரண்டு நிலத்துக்கும் ஒரே தீர்ப்பு எழுதுங்கள். அது எதுவானாலும் தங்களுக்கு என் நன்றி உண்டு.

இடம்: பெக்கான் ஓடை
நாள்: 1838 ஜூன் 11

தங்கள் கருணையை என்றும் மறவாத,
(ஒப்பம்)
கெசையா டன்லப்

இணைப்பு: பிப்ரவரியில் தங்கள் குழு எனக்கு உறுதிசெய்து தந்த நிலப் பத்திரம், அசல்.