கடல்ராஜா கொடுத்த முத்தம்

அன்புள்ள ரோவேனா,

நான் நலம். உன் அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? மயூமி இருமல் மருந்தைத் துப்பாமல் குடிக்கிறாளா?

நேற்று எங்கள் உல்லாசக் கப்பல் பூமத்திய ரேகையைத் தாண்டியது. முதன்முறை தாண்டுகிறவர்கள் கடல்ராஜா முன்னால் மண்டியிட்டு, ஒரு மீனுக்கு முத்தம் கொடுக்க வேண்டும். ராஜா வேஷத்துக்கு என் தொப்பைதான் பொருத்தம் என்று சலவை அறையிலிருந்து என்னை மேல்தளத்துக்கு இழுத்துப்போனார்கள். தரை துடைக்கும் மாப்பில் தாடி, அட்டையில் கிரீடம். எழுபது பயணிகளை மிரட்டி முத்தம் கொடுக்க வைத்தேன்.

கடைசியில் மேல்தள மேஸ்திரி பெனிங் கேட்டார்: "ஆமா, நீ எப்போய்யா முத்தம் கொடுத்தே?"

"நானா? ஆறு வருஷமா கப்பல் அந்த ரேகையைத் தாண்டுறப்பல்லாம் கீழே துணிதானே அண்ணே துவைச்சுக்கிட்டிருந்தேன்?"

"அடப்பாவி! மீனைத் தொடாதவனா எங்களுக்கு ராஜா? பிடிங்கடா அவனை!"

கிரீடத்தோடு மண்டியிட வைத்து ஐஸ் தண்ணீரை ஊற்றினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டை விட்டு வந்த இந்த ஒன்பது மாதத்தில் நான் கொடுத்த முதல் முத்தம் அது, ரோவேனா. மீன் ஜில்லென்று இருந்தது.

ரேகையைத் தாண்டியதற்கு எனக்குக் கொடுத்த சான்றிதழ் இதோடு இருக்கிறது, மயூமிக்குக் காட்டு. அடுத்த மாதம் ஊரிலிருந்து இந்தக் கப்பலுக்கு வேலைக்கு வரும் அர்னெலிடம் கொஞ்சம் காய்ந்த மாம்பழம் கொடுத்தனுப்பு. கூடவே உன் தலையணை உறை ஒன்று. இங்கே தினமும் ஆயிரம் உறை துவைக்கிறேன், எல்லாவற்றிலும் சோப்பு வாசனைதான். உன்னுடையதைத் துவைக்காமல் அனுப்பு.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன்
டான்டோய்