கேட் மறுபடி கீச்சிட வேண்டும்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பா வெளியில்தான் இருக்கிறார். சிறைக்கு வெளியில் என்று சொல்கிறேன். அன்றைக்கு நீ போனில் பேசியபோது அப்பா வேலையாக இருக்கிறார் என்றேன், அது பொய், நீதிமன்ற வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பதறாதே. முழுதாகப் படி.

நம் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்துக் கேட் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று ஆறு வருடமாக வழக்கு நடக்கிறதே, தீர்ப்பு வரும்வரை இரண்டு பேரும் அதைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. தொடவில்லை. பேசவும் இல்லை. கேட் பாதி திறந்தபடி துருப்பிடித்து, காற்றடித்தால் கீச்சிட்டுக்கொண்டு நின்றது. உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. நாற்பது வருடம் தையல் மிஷின் பழுது பார்த்தவர். சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டாலும் எண்ணெய்க் குப்பி இருக்கும், யார் வீட்டில் மின்விசிறி முனகினாலும் ஏறி நிற்க நாற்காலி கேட்பார். ஒரு நாள் காலை கை கழுவப் போய்த் திரும்பினார். கேட் அமைதியாக இருந்தது.

பெரியப்பா கவனித்துவிட்டார். ஆறு வருடம் கேட்ட சத்தம் திடீரென்று நின்றால் காது சும்மா இருக்குமா. உத்தரவை மீறிவிட்டார் என்று மனுப் போட்டார். நிரூபணமானால் மூன்று மாதம் வரை உள்ளே, பட்டறையும் ஜப்தியாகலாம் என்றார் நம் வக்கீல். பார்த்த சாட்சி இல்லை, வாயைத் திறக்காமல் நின்றால் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னார். அப்பாவும் தலையாட்டினார். பெரியப்பாவின் வக்கீல் எழுந்து, கீலில் சமையல் எண்ணெயைத் தடவியிருக்கிறார்கள் என்றார். அவ்வளவுதான். "சமையல் எண்ணெயா? அது ஒரே வாரத்துல பிசினாப் பிடிச்சுக்கும்ங்க. நான் விட்டது மிஷின் எண்ணெய்" என்றார் அப்பா. நம் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

நீதிபதியம்மா சிரிக்கவில்லை. நல்லதுதானே செய்தேன் என்று அப்பா இழுத்ததற்கு, "உத்தரவு பிடிக்கலைன்னா இங்க வந்து மாத்தச் சொல்லுங்க. எண்ணெய்க் குப்பியோட போகாதீங்க" என்றார். எழுத்தில் மன்னிப்பு. பத்து நாளில் கேட் பழைய நிலைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் சிறை. மன்னிப்புக் கடிதத்தில் கீலுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று இரண்டு வரி எழுதியிருந்தார், வக்கீல் கிழித்துவிட்டு வேறு எழுத வைத்தார்.

வாழ்நாளெல்லாம் சத்தத்தை நிறுத்தியவர் இப்போது சத்தம் உண்டாக்க வேண்டும். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார், உப்புத் தண்ணீர் ஊற்றினார், மணல் போட்டார். கேட் உறுமியது, கீச்சிடவில்லை. எட்டு நாள் போயிற்று. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துணிப்பையில் இரண்டு சட்டை மடித்து வைத்திருந்தார். பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.

நேற்று சாயங்காலம் பெரியப்பா தன் பக்கம் வந்து நின்றார். கொஞ்ச நேரம் காது கொடுத்தார். "இப்படி இல்லடா. சத்தம் முடியும்போது ஒரு இழுப்பு இருக்கும்" என்றார். ஆறு வருடத்தில் முதல் பேச்சு. அப்பா நிமிராமல் கீலைத் தட்டி ஆட்டிக் காட்டினார். அதுவும் இல்லையாம். பொறுக்காமல் பெரியப்பா கையை நீட்டினார். "அண்ணே, தொடாத. உனக்கும் மூணு மாசம்" என்றார் அப்பா. பெரியப்பா சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் வாயாலேயே கீச்சிட்டுக் காட்டிச் சண்டை போட்டார்கள். நான் பெரியப்பாவுக்கு டீயை, கேட்டில் படாமல், தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்தேன். விளக்குப் போடும் நேரத்தில் அது கீச்சிட்டது, அந்த இழுப்போடு. இதுதான் அந்தச் சத்தம் என்று கெடு நாளில் நானே நீதிமன்றத்தில் சொல்கிறேன் என்றார் பெரியப்பா. அப்படியே வழக்கையும் முடித்துக்கொள்ளலாமே என்றேன். "அது வேற" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில்.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பா உன்னிடம் கேட்டிருந்த மெல்லிய எண்ணெயைத் தீர்ப்பு வரும்வரை அனுப்பாதே. வரும்போது முன்வாசல் வழியாக வா. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. அப்பாவையும் கையெழுத்துப் போடச் சொன்னேன், இந்த மாதம் போட்டதே போதும் என்கிறார்.

உன் அம்மா