ராஜி என்று எழுதிய காகிதம்

என் கண்ணான தனத்துக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் இது உன் வீட்டுக்காரன் தானே எழுதியது. நம்புகிறாயா? திருப்பதி பஸ்ஸில் கடை போர்டுகளைச் சத்தமாகப் படிக்கிறேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டுமே.

நீ உயிரோடு இருந்தபோது மாப்பிள்ளை நம் ராஜியின் கையை முறித்தானே. புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனோம். நீ ஆட்டோவில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு இருந்தாய். நான் மட்டும் உள்ளே போனேன். அவனும் போலீஸ்காரன், நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். "பெத்தாயனா, இது ராஜி பேப்பர். வேலிமுத்ர வெய்யி" என்றார் எஸ்.ஐ. மகளின் புகார் என்று நினைத்துக் கட்டைவிரலை அழுத்தினேன்.

"இன்னா எழுதிக்கிறாங்கன்னு கேட்டியா?" என்றாய் நீ, நான் வெளியே வந்ததும்.

"ராஜி பேருதான் போட்டுக்கிறாங்க, வா."

தெலுங்கில் ராஜி என்றால் சமாதானம். ஸ்டேஷனில் அந்தக் காகிதத்தைக் காட்டி அவளை அவனோடு திருப்பி அனுப்பியபோதுதான் எனக்குப் புரிந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் நீ போனாய். அதற்குப் பிறகுதான் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். தெலுங்கு அங்கே, தமிழ் ராஜி வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவளிடம்.

போன வாரம் மறுபடியும் அடித்தான். இடது காது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவளும் நானும் அதே ஸ்டேஷனுக்குப் போனோம். பெண்டாட்டியை அடித்ததற்காகக் காலையிலேயே பிடித்து வந்த ஓர் ஆட்டோ டிரைவர் சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தான். நம் மாப்பிள்ளை டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அரெஸ்ட் அவசரம் லேது, பெத்தாயனா. நோட்டீஸ் போதும். யாரப் புடிக்கிறது, யார வுடறதுன்னு எங்களுக்குத் தெரியும்" என்று எஸ்.ஐ. காகிதத்தை நீட்டினார்.

நான் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். கா... லு... ஜா... ரி... கால் வழுக்கி விழுந்தாளாம்.

"யாரு நைனா வழுக்கி உழுந்தது?" என்றாள் ராஜி.

தரையிலிருந்து டிரைவர் கத்தினான்: "பெரியவரே, என் பொண்டாட்டியும் வழுக்கித்தான் உழுந்தாள்னு எழுதச் சொல்லு, நானும் ஊட்டுக்குப் போறேன்!"

யாரும் சிரிக்கவில்லை. மை டப்பாவைத் தள்ளி வைத்தேன். "அவ உழல சார். உங்காளு அடிச்சான். அத எழுதுங்க, படிச்சிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். கடைசியில் எழுதினார்கள். மூன்று தரம் படித்துவிட்டுத்தான் என் பெயரைப் போட்டேன். அவனை இன்னும் பிடிக்கவில்லை, டியூட்டிக்குப் போய்வருகிறான். ராஜி நம் வீட்டில் பகலிலும் தாழ் போட்டுக்கொண்டு இருக்கிறாள். அன்று எனக்கு இல்லாமல் போனது எழுத்தா, தைரியமா, தனம்?

திங்கட்கிழமை சித்தூரில் பெரிய அதிகாரியிடம் வரச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் காகிதம் நீட்டினாலும் கடைசி எழுத்துவரை படிப்பேன், ராஜியின் நல்ல காதுப் பக்கம் நின்று. அதில் என்ன எழுதியிருந்தது என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். இந்தத் தரம், நீ கேட்பதற்கு முன்பே.

உன் வீட்டுக்காரன், ராஜியின் நைனா,
கையெழுத்து: கோவிந்தன்